சீக்கிரம் தோற்றுவிட்டு வாருங்கள்

மெக்கானிக் அன்றைக்குத் தோற்பதற்காகத்தான் போனார். ஜெயிக்கப் போனவர்கள் பட்ட பாடு பற்றி ஊரில் நிறையக் கதைகள் உண்டு. இது தோற்கப் போனவர் பட்ட பாடு.

அவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. இருபத்திரண்டு வருஷமாக, நடுவழியில் நின்றுபோன லிஃப்டுகளிலிருந்து மனிதர்களைப் பத்திரமாக வெளியே கொண்டுவந்திருக்கிறார். லிஃப்டுக்கு நாள் கிழமை தெரியாது. மகளுடைய பள்ளி ஆண்டு விழா, மேல்நிலைப் பரீட்சை முடிவு வந்த நாள், கல்லூரிப் பட்டமளிப்பு என்று எல்லாவற்றுக்கும் அவர் கிரீஸ் அப்பிய கையோடு, எல்லாம் முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தார். ஒவ்வொரு தடவையும் ஒரே காரணம்தான். எங்கேயோ ஒரு லிஃப்ட் நின்றுவிட்டது. இப்போது மகளுக்கு வேறு ஊரில் முதல் வேலை கிடைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து நாற்பதுக்கு ரயில், கொண்டுபோய் விட அம்மாவும் கூடப் போகிறார். இந்தத் தடவை எந்த லிஃப்ட் நின்றாலும் சரி, ரயிலடியில் நான் நிற்பேன் என்று அவர் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். மகள் மறுத்தும் பேசவில்லை, நம்பவும் இல்லை. "பாக்கலாம்ப்பா" என்று மட்டும் சொன்னாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே போட்டியும் வந்து தொலைத்தது. 'ஏழு காவல்' என்பது சீட்டு சேர்த்து ஆடுகிற ஆட்டம். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு படம் இருக்கும், கீழே பொடி எழுத்தில் அந்தச் சீட்டு என்ன செய்யும் என்று ஒரு வாசகம் இருக்கும். சீட்டுகள் ஆறாயிரத்துக்கு மேல். ஆளுக்கு நாற்பது சீட்டைக் கட்டாகச் சேர்த்துக்கொண்டு, ஒன்றொன்றாக மேசையில் இறக்கி, எதிராளியின் காவலை உடைக்க வேண்டும். சொன்னால் இவ்வளவுதான். ஆனால் ஒரு சீட்டு சொல்வதை இன்னொரு சீட்டு மறுக்கும், அந்த மறுப்பை மூன்றாவது சீட்டு செல்லாது என்னும். அப்போது யார் சொல்வது எடுபடும் என்று தீர்ப்புச் சொல்வதற்காக நடுவர் பேரவை என்று ஒன்று இருக்கிறது. அதனிடம் நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு விதிப் புத்தகம் இருக்கிறது. அதற்கு வருஷாவருஷம் இணைப்பு வேறு வரும்.

மகளுக்கு அந்தப் புத்தகம் தலைகீழ்ப் பாடம். அவளே நடுவர் தேர்வு எழுதப் போகிறாள். அதற்குத் தேவையான புள்ளிகளுக்காக அப்பாவையும் சேர்த்து ஜோடியாகப் பதிவு செய்திருந்தாள். அப்பா புள்ளி எடுப்பார் என்ற நம்பிக்கையில் அல்ல. அப்பாவோடு சேர்ந்து உட்கார அவளுக்கு வேறு எதுவும் வாய்க்கவில்லை. மெக்கானிக்குக்குப் படம் பார்க்கப் பிடிக்கும். வாசகத்தைப் படிக்க மாட்டார். அவருடைய ஆட்டம் எதுவும் இருபது நிமிஷத்துக்கு மேல் தாங்கியதில்லை.

காலையில் மகள் தன்னுடைய மூன்று ஆட்டங்களையும் ஜெயித்துவிட்டு, பெட்டி கட்ட வீட்டுக்குக் கிளம்பினாள். அப்பாவுக்கு இரண்டு மணிக்கு ஓர் ஆட்டம் மட்டும் பாக்கி. கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டு தெளிவாகச் சொன்னாள்.

"சீக்கிரம் தோத்துட்டு வாங்கப்பா. தோத்தா ஒண்ணும் இல்லை, புள்ளி அப்படியே இருக்கும். பாதியில மட்டும் எழுந்து வந்துடாதீங்க. நம்ம ரெண்டு பேர் பேரையும் மூணு வருஷத்துக்கு அடிச்சிடுவாங்க."

இதில் அவள் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அப்பா ரொம்ப அவமானப்படக் கூடாதே என்று, தன்னிடமிருந்த ஒரே அபூர்வச் சீட்டை அவர் கட்டில் சொருகி வைத்திருந்தாள்.

எதிரே உட்கார்ந்தவர் ஒரு மருந்துக்கடைக்காரர். மூக்குக்கண்ணாடியும் மரியாதையுமாக இருந்தார். மெக்கானிக் அவசர அவசரமாகத் தோற்றுக்கொண்டிருந்தார். இரண்டு மணி பத்துக்குக் கைக்கு ஒரு புதுச் சீட்டு வந்தது. முக்காலியில் ஒருவன் கண்ணை அகல விழித்தபடி உட்கார்ந்திருக்கிற படம். 'தூங்காத காவலன்' என்று பெயர். படம் நன்றாக இருக்கவே, மெக்கானிக் அதை இறக்கி வைத்தார். அடுத்ததாக மருந்துக்கடைக்காரர் 'கடைசி மணி' என்ற சீட்டை இறக்கினார். அதை இறக்கியவர் அந்தக் கணமே வென்றவர் ஆவார். சுவர்க் கடிகாரத்தில் இரண்டேகால்.

மெக்கானிக் மனம் நிறைந்து எழுந்து கைகொடுத்தார். இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் மருந்துக்கடைக்காரர் மாத்திரை அட்டைகளின் பின்பக்கத்தைப் படித்தே முப்பது வருஷம் பிழைத்தவர். பொடி எழுத்தைப் பார்த்தால் அவரால் சும்மா இருக்க முடியாது. காவலன் சீட்டின் மேல் குனிந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, சத்தமாகவே படித்தார். இந்தச் சீட்டு மேசையில் இருக்கும்வரை இதன் சொந்தக்காரர் தோற்க முடியாது. எதிராளியைத் தவிர வேறு யாராலும் இதை அகற்றவும் முடியாது.

"ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லி, நடுவரைக் கூப்பிடக் கையைத் தூக்கினார்.

வந்தவர் மேசை நடுவர். கறுப்பு மேல்சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கக்கத்தில் புத்தகம். இரண்டு சீட்டுகளையும் மும்மூன்று தடவை படித்தார். பிறகு இரண்டு பேரையும் கை எடுக்கச் சொல்லிவிட்டு, சீட்டுகளைச் சுற்றி ஒரு சிவப்புக் கயிற்றைக் கட்டினார். மெக்கானிக் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, அவர் ஜெயித்தார் என்றால் நான் தோற்றேன், அவ்வளவுதானே என்று கேட்டார். தனக்கு இன்ன வியாதி என்று தானே சொல்லிக்கொண்டு வருகிற நோயாளியை டாக்டர் பார்ப்பதுபோல் மேசை நடுவர் அவரைப் பார்த்தார். அதை ஆட்டக்காரர் சொல்லக் கூடாது என்றார்.

அடுத்து தலைமை நடுவர் வந்தார். கழுத்துப்பட்டை கட்டி, குரலைக் கனைத்துச் சரி செய்துகொண்டு பேசுகிற மனிதர். இருபது நிமிஷம் புத்தகத்தைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"இவர் ஜெயிச்சுட்டார். அதுல சந்தேகமே இல்லை. நீங்க தோக்கலை. அதுலயும் சந்தேகமே இல்லை. ரெண்டுமே தெளிவா இருக்கு சார். இதுல உங்களுக்கு என்ன குழப்பம்?"

ஆகவே ஆட்டம் மருந்துக்கடைக்காரருக்கு மட்டும் முடிந்தது. அவர் தாளில் முத்திரை குத்தி அனுப்பினார்கள். அவருக்கு மனசே இல்லை. வேண்டுமானால் என் வெற்றியைத் திருப்பித் தந்துவிடுகிறேன் என்று கேட்டுப் பார்த்தார். வெற்றியைத் திருப்பி வாங்கிக்கொள்ளும் படிவம் பேரவையிடம் இல்லை. மூன்று மணிக்குக் கடை திறக்க வேண்டும் என்பதால் மெக்கானிக்கிடம் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டு அவர் போய்விட்டார். எதிர் நாற்காலி காலியாக இருக்க, மெக்கானிக் முடியாத ஆட்டத்தின் முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தார்.

அவர் ஒன்றும் அசடில்லை. தோற்க என்னென்ன வழி உண்டோ அத்தனையும் பார்த்தார். தோல்வியை ஒப்புக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தார். ஒப்புக்கொள்வதற்கு முதலில் தோல்வி என்று ஒன்று இருக்க வேண்டும், தோற்க முடியாதவர் எதை ஒப்புக்கொள்வார் என்று அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். கட்டில் சீட்டு தீர்ந்துபோனால் தோல்வி என்று மகள் சொன்னது நினைவுக்கு வந்தது. மடமடவென்று எல்லாச் சீட்டையும் எடுத்துத் தீர்த்தார். காவலன் விழித்துக்கொண்டுதான் இருந்தான். தோல்வி வந்தது, காவலன் அதைத் தடுத்துவிட்டான் என்று மேசை நடுவர் குறித்துக்கொண்டார். காவலனையே எடுத்துவிடலாம் என்றால், அதை எதிராளிதான் அகற்ற வேண்டும். எதிராளியோ ஜெயித்துவிட்டார். ஜெயித்தவர் எதிராளி ஆக மாட்டார். அவர் இப்போது கடையில் யாருக்கோ இருமல் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பார்.

மணி மூன்றேகால் ஆனதும் மெக்கானிக் எழுந்து வாசலுக்கு நடந்தார். வாசலில் நின்றவர் நல்ல மனிதர், முகத்தைப் பார்த்தாலே தெரியும். அவர் குறுக்கே கையை நீட்டினார்.

"ஆட்டம் நடக்கும்போது வெளியே போனா தோத்த கணக்கு சார். உங்களால தோக்க முடியாதுன்னு உள்ள சொல்லிட்டாங்க. அதனால உங்களால வெளியே போக முடியாது."

மெக்கானிக் இதில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று நின்று யோசித்தார். அது அவருக்கு அகப்படவில்லை. எனக்கும் இதுவரை அகப்படவில்லை.

அவர் கையைத் தட்டிவிட்டுப் போயிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். அப்படிப் போனால் மகளுடைய புள்ளிகள் போய்விடும், அவள் எழுதப் போகிற தேர்வும் போய்விடும். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அவருடைய தொழில் அப்படி. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் அவர் இருபத்திரண்டு வருஷமாக ஒன்றைத்தான் சொல்லியிருக்கிறார். கதவை நெம்பாதீர்கள், பொறுமையாக இருங்கள், ஆள் வந்துகொண்டிருக்கிறது. பல்லாயிரம் தடவை சொன்ன வார்த்தை அவரையே கட்டிப்போட்டுவிட்டது. பொறுமையாக இருந்தால் யாராவது வந்து திறந்துவிடுவார்கள் என்று அவர் நிஜமாகவே நம்பினார்.

செல்போனைக் காலையிலேயே வாசலில் ஒரு பைக்குள் போட்டுப் பூட்டி வாங்கி வைத்திருந்தார்கள். வீட்டுக்கு நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்று தலைமை நடுவரிடம் கேட்டார். ஆட்டம் நடக்கும்போது வெளியுதவி பெறுவது குற்றம் என்று பதில் வந்தது. ரயிலைப் பற்றிச் சொன்னார், மகளைப் பற்றிச் சொன்னார், இதுவரை எதற்குமே நேரத்துக்குப் போனதில்லை என்பதையும் வெட்கத்தை விட்டுச் சொன்னார். தலைமை நடுவர் உண்மையிலேயே இரக்கப்பட்டார். புத்தகத்தின் கடைசியில் இருந்த அட்டவணையில் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"ரயிலைப் பத்தி ஒரு வரி கூட இல்லை சார்" என்றார். "இருந்தா கண்டிப்பா செஞ்சிருப்போம்."

எதிராளி இல்லாத குறையைப் போக்க, பொறுப்பு எதிராளி ஒருவரை நியமிப்பது என்று முடிவாயிற்று. பதிவு மேசையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண்மணியைக் கொண்டுவந்து எதிர் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவர் வாழ்க்கையில் ஒரு சீட்டைத் தொட்டதில்லை. மெக்கானிக்குக்கு உயிர் வந்தது. காவலனை எடுத்துவிடுங்கள் அக்கா, நான் போய்விடுகிறேன் என்றார். அந்த அம்மாளும் கையை நீட்டினார். மேசை நடுவர் குறுக்கிட்டார். காவலன் போனால் இவர் தோற்பார். இவர் தோற்றால் எதிரே இருப்பவர் வென்றவர் ஆவார். இந்த ஆட்டத்துக்கு ஏற்கெனவே ஒரு வென்றவர் இருக்கிறார். ஓர் ஆட்டத்துக்கு இரண்டு பேர் வெல்ல முடியாது. ஆகவே பொறுப்பு எதிராளி ஆடலாம், வெல்லக் கூடாது.

அதன்பிறகு ஒரு மணி நேரம் அவர்கள் ஆடினார்கள். தோற்கத் துடிக்கிறவரும் ஜெயிக்கப் பயப்படுகிறவருமாக இரண்டு பேரும் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு சீட்டு மாற்றினார்கள். ஒரு கட்டத்தில் அந்த அம்மாள் தெரியாத்தனமாக நல்ல சீட்டு ஒன்றை இறக்கிவிட, மேசை நடுவர் அவருக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை கொடுத்தார். அவர் கண் கலங்கிவிட்டது. பதினோரு வருஷ வேலையில் இதுவரை ஒரு எச்சரிக்கை வாங்கியதில்லையாம். மெக்கானிக்தான் அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டியதாயிற்று.

இதற்கிடையே விவகாரம் மூன்றாவது மாடிக்குப் போயிருந்தது. அங்கே விதி விளக்கக் குழு இருந்தது. மூன்று பேர். தலைமை நடுவர் அனுப்பிய கேள்வியில் ஆட்டக்காரரின் விருப்பம் இன்னது என்று ஒரு வரி இருந்ததால் முதல் தடவை திருப்பி அனுப்பினார்கள். விருப்பத்தை எடுத்துவிட்டு அனுப்பினால், இப்போது யாருக்கு என்ன பிரச்சினை என்றே புரியவில்லை என்று மறுபடி திருப்பினார்கள். மூன்றாவது தடவை பிரச்சினையை மட்டும் எழுதி, ஆட்டக்காரர் ஒருவர் இருக்கிறார் என்பதையே எழுதாமல் அனுப்பியபோது, கேள்வி மிகவும் நன்றாக இருக்கிறது என்று ஏற்றுக்கொண்டார்கள். நான்கே முக்காலுக்கு, குழு நேரில் இறங்கி வந்து சீட்டுகளைப் பார்வையிடும் என்று செய்தி வந்தது. முதல் மாடிக் கூடத்தில் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டார்கள்.

குழு லிஃப்டில் இறங்கியது. லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் முதல் மாடிக்கும் நடுவில் நின்றது.

அபாய மணி அடித்ததும் கூடத்தில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மெக்கானிக் மட்டும் எழுந்து நின்றுவிட்டார். நின்ற சத்தத்தைக் கேட்டே, கதவுப் பூட்டு சரியாகப் பொருந்தவில்லை, அதனால்தான் ஓட்டம் நின்றிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கால் மணி நேர வேலை. நான் லிஃப்ட் மெக்கானிக்தான் என்று சொல்லிக்கொண்டே வாசலுக்கு ஓடினார். வாசல்காரர் கையை நீட்டினார்.

நிலைமை இப்படி ஆயிற்று. மெக்கானிக் வெளியே போகலாமா என்று சொல்ல வேண்டியவர்கள் லிஃப்டுக்குள் இருந்தார்கள். லிஃப்டைத் திறக்க வேண்டியவர் வெளியே போக முடியாமல் கூடத்துக்குள் இருந்தார். தலைமை நடுவர் லிஃப்டின் கதவில் வாயை வைத்து நிலைமையை உள்ளே விளக்கினார். உள்ளிருந்து குழுத் தலைவரின் குரல், இது ரொம்ப அழகான சிக்கல் என்று பாராட்டியது. மூன்று பேரும் உள்ளேயே இருப்பதால் குழு கூடியதாகவே கொள்ளலாம் என்றும், ஆனால் விளக்கு அணைந்துவிட்டதால் புத்தகத்தைப் பார்க்க முடியவில்லை, புத்தகத்தைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது மரபில்லை என்றும் அது சொன்னது. ஒரு வழக்கில் எப்படித் தீர்ப்பு வந்தாலும் கவலையில்லை, அவசரத்தில் மட்டும் வந்துவிடக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, இன்னொரு குரல் குறுக்கே வந்தது. கொஞ்சம் வயதான குரல். எனக்கு மூச்சு முட்டுகிறது என்றது.

அதன்பிறகு தீர்ப்பு வர அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"ஒருத்தர் ஜெயிச்சா இன்னொருத்தர் தோத்துதான் ஆகணும்" என்று தலைவர் உள்ளிருந்து கத்தினார். "அவர் தோத்துட்டார்யா. அனுப்புங்க அவரை."

மணி ஐந்து இரண்டு. இரண்டேகாலுக்கு மெக்கானிக் சொன்னதும் இதையேதான். ஆனால் அதை ஆட்டக்காரர் சொல்லக் கூடாது அல்லவா?

தலைமை நடுவருக்கு மட்டும் ஒரு கவலை. ஐந்து இரண்டுக்குத் தோற்றார் என்று எழுதினால், நடுவர்கள் லிஃப்டில் மாட்டிக்கொண்டதால் ஒருவரைத் தோற்கவிட்டார்கள் என்று நாளைக்கு யாராவது பேசுவார்கள். விதி என்றைக்கும் ஒன்றுதான், தெரிய வந்ததுதான் இப்போது. ஆகவே 'இரண்டேகால் மணிக்குத் தோல்வி' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, எல்லோரும் செல்போனில் பார்க்கிற முடிவுப் பட்டியலில் உடனே ஏற்றினார். அவருக்கு மனசு லேசாயிற்று.

மெக்கானிக் வாசலைத் தாண்டினார். இடது பக்கம் தெருவுக்கு இறங்குகிற படிக்கட்டு. ரயில் நிலையத்துக்கு ஆட்டோவில் இருபத்தைந்து நிமிஷம். அப்போதே இறங்கியிருந்தால் வண்டி கிளம்புவதற்கு முன்னால் பத்து நிமிஷமாவது மகளோடு நின்றிருப்பார். வலது பக்கம் மேலே மோட்டார் அறைக்குப் போகிற படிக்கட்டு. லிஃப்டுக்குள் அந்த வயதான குரல் இன்னொரு தடவை கேட்டது, இப்போது இன்னும் சன்னமாக. மெக்கானிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். தன் மேலேயே அவருக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. பிறகு வலது பக்கம் ஏறினார். இதற்காக அவரைப் பாராட்டுவதா, திட்டுவதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

மோட்டார் அறைச் சாவியைத் தேடிக் கொண்டுவரவே ஏழு நிமிஷம் ஆயிற்று. மெயினை அணைத்தார். பிரேக்கைத் தளர்த்திப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும் என்றபோது நடுவர்கள் யாரும் முன்வரவில்லை. தட்டச்சு அம்மாள்தான் வந்து, இரண்டு கையாலும் அந்தப் பிடியை அழுத்திக்கொண்டு நின்றார். மெக்கானிக் மோட்டார் சக்கரத்தைக் கையாலேயே சுற்றிச் சுற்றி, லிஃப்டை அங்குலம் அங்குலமாக முதல் மாடிக்கு இறக்கினார். கீழே ஓடிவந்து கதவைத் திறந்தபோது ஐந்து இருபத்து நான்கு.

மூச்சு முட்டியவரைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். தலைவர் மேல்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தார். இன்றைய தீர்ப்பு வரப்போகிற பல வருஷங்களுக்கு வழிகாட்டியாக இருக்கும் என்று சுற்றி நின்றவர்களிடம் சொன்னார். பேரவை ஒருபோதும் தவறான தீர்ப்புச் சொன்னதில்லை, தாமதமாகச் சொல்லியிருக்கிறது, தாமதம் தவறாகாது என்றார். பிறகு மெக்கானிக்கைப் பார்த்து, நன்றி சொல்கிற தோரணையில் விசாரித்தார்.

"ஆமா, நீங்க ரெண்டேகாலுக்கே தோத்துட்டீங்களே. அப்பவே கிளம்பியிருக்கலாமே சார். யாரு உங்களைத் தடுத்தா?"

மெக்கானிக் வாசல்காரரைப் பார்த்தார். வாசல்காரர் தரையைப் பார்த்தார். சண்டை போட நேரமில்லை. அவர் தலைமை நடுவரிடம் போய், கிரீஸ் கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு, ஒரே ஒரு உதவி கேட்டார்.

"எம் பொண்ணுக்கு ஒரு கடுதாசி மட்டும் எழுதிக் குடுங்க சார். நான் இதுவரைக்கும் இங்கதான் இருந்தேன்னு. உங்க முத்திரை இருந்தா அவ நம்புவா."

"அது எப்படி சார் முடியும்?" என்றார் தலைமை நடுவர். குரலில் கொஞ்சமும் கடுமை இல்லை. "ரெண்டேகாலுக்கு அப்புறம் நீங்க இங்க இருந்ததா பதிவுலயே இல்லையே."

செல்போனை வாங்க இரண்டு கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. பைக்குள் அது எப்போதோ உயிர் விட்டிருந்தது. ஆட்டோக்காரரிடம் கெஞ்சி, அவருடைய வண்டியிலேயே சார்ஜ் போட்டுக்கொண்டு போனார். சிக்னலில் ஒவ்வொரு சிவப்புக்கும் அவர் மனசுக்குள் ஒரு தடவை செத்தார். நிலையத்துக்குள் ஓடியபோது ஐந்து ஐம்பத்தாறு. நடைமேடையில் துப்புரவுப் பெண் ஒருத்தி காகிதக் குவளைகளைப் பெருக்கித் தள்ளிக்கொண்டிருந்தாள். ரயில் நேரத்துக்குக் கிளம்பிவிட்டது என்று சொன்னாள்.

செல்போன் உயிர் பெற்றதும் மகளைக் கூப்பிட்டார். முதல் மணியிலேயே எடுத்தாள். பின்னால் ரயில் ஓடுகிற சத்தம் கேட்டது. எங்கே இருக்கிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். அவர் மூச்சிரைக்க, ஸ்டேஷனில்தான் நிற்கிறேன், இப்போதுதான் விட்டார்கள் என்றார்.

"ரெண்டேகாலுக்குத் தோல்வின்னு போட்டிருக்குப்பா" என்றாள். "அதைப் பாத்ததும், அப்பா எப்பவோ கிளம்பிட்டார், வந்துட்டே இருப்பார்னு அம்மாகிட்ட சொன்னேன். வண்டி எடுக்குற வரைக்கும் படியிலதான் நின்னுட்டிருந்தேன்."

அவர் சொல்ல ஆரம்பித்தார். காவலனைச் சொன்னார், கடைசி மணியைச் சொன்னார், ஜெயித்தவர் போய்விட்டதையும், தோற்க முடியாததால் வெளியே போக முடியாததையும், முன்னும் பின்னுமாகச் சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, தோற்றுப்போனவரை மண்டபத்தில் பிடித்து வைக்க எந்த விதியும் இல்லை, பதிவில் தப்பு வர வாய்ப்பே இல்லை, நானே எத்தனையோ தடவை சரிபார்த்திருக்கிறேன் என்றாள். அதற்குமேல் என்ன நடந்தது என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். "அப்புறம் ஒரு லிஃப்ட்..." என்று தொடங்கியதும், தன் குரல் தன் காதிலேயே விழுந்து, நிறுத்திவிட்டார்.

அவள் சிரித்தாள். அழுகிறாளோ என்று அவர் காதை அழுத்திப் பிடித்துக் கேட்டார். சிரிப்புதான்.

"பரவாயில்லைப்பா, விடுங்க" என்றாள். "வழியனுப்ப வந்தே ஆகணும்னு விதி ஒண்ணும் இல்லையே."

அதில் குத்தல் இல்லை, கோபமும் இல்லை. அவரைத் தேற்றுவதற்காகத்தான் சொன்னாள், அதுதான் அவரால் தாங்க முடியவில்லை. ஊர் போய்ச் சேர்ந்ததும் பேசுகிறேன் என்று அவள் வைத்துவிட்டாள். துப்புரவுப் பெண் வந்து, அடுத்த வண்டிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது, அதற்குள் இந்த இடத்தைக் கழுவ வேண்டும், கொஞ்சம் நகர்ந்து நில்லுங்கள் என்றாள். அவர் நகர்ந்து நின்றார்.